நான் கிணறு

கிணற்றடிக்குப் போனால் எனக்கு ஆங்கிலம் ஞாபகம் வரும். வற்றாப்பளையில் எங்கள் வளவுக் கிணற்றுக்கு இப்போது கம்பிவலை மூடி போட்டிருக்கிறது. துலா இல்லை. துலாக்கால் நின்ற இடத்தில் மோட்டருக்கென்று சின்னதாக ஒரு கூடு. ஆனாலும் கட்டிலே கைவைத்துக் குனிந்து பார்க்கிற ஒவ்வொரு தரமும், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபது பேர் ஒரே குரலில் “ஐ ஆம் வெல்” என்று கத்துவது எனக்குக் கேட்கும்.

அது 2012 ஆவணி. இரண்டாம் தவணை விடுமுறை. சோளகம் புழுதியை வாரியடித்துக்கொண்டிருந்தது. நந்திக்கடல் கரையோரமாக வற்றி, சேறு வெடித்து, வெடிப்புகளில் உப்புப் பூத்துக் கிடந்தது. நாங்கள் ஊருக்குத் திரும்பி அதிக காலம் ஆகவில்லை. போர் முடிந்த 2009 வைகாசியில் வட்டுவாகல் பாலத்தால் நடந்துபோன சனத்தோடு நாங்களும் போய், செட்டிகுளம் முகாமில் இருந்து, பிறகு நிவாரணத் தகரமும் தறப்பாளும் தந்து இறக்கிவிடப்பட்டவர்கள். கல்வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. அதற்குள்ளேயே கொட்டில் போட்டுக்கொண்டோம்.

மூன்றாம் வகுப்பில் தொடங்கவேண்டிய ஆங்கிலம் எனக்குப் பங்கருக்குள் போனது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியபோது அம்மா ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்றாகச் சுமையைக் குறைத்தார். புத்தகங்கள் போனது எந்த இடத்திலென்று அவருக்கே ஞாபகமில்லை. ஊருக்கு வந்தபோது என் வயதுப் பிள்ளைகள் பலருக்கு ஆங்கில அரிச்சுவடி முழுதாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இருந்த ஆசிரியர்கள் தங்கள் வீட்டுக் கூரைக்கே அலைந்துகொண்டு எங்களுக்கும் படிப்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த நேரத்தில்தான் அவர்கள் வந்தார்கள். வெளிநாட்டுக்காரர் ஓமந்தையைத் தாண்டி வருவதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எடுக்கவேண்டியிருந்த காலம் அப்போதுதான் கழிந்திருந்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு சபையிலிருந்து நாலு பேர். யாழ்ப்பாணத்துப் போதகர் ஒருவர் மொழிபெயர்க்கக் கூட வந்தார். மூன்று கிழமைக்கு இலவச ஆங்கில வகுப்பு, காலையில் மூன்று மணித்தியாலம், வேப்பமரத்துக்குக் கீழே தறப்பாள் பந்தலில் என்று ஊருக்குள் சொல்லிப்போனார்கள்.

ஊர் இரண்டாகப் பேசியது. “சமயம் மாத்திப்போடுவினம், பிள்ளையளை விடாதேங்கோ” என்று சிலர். அதிலே நியாயம் இல்லாமலும் இல்லை. எல்லாவற்றையும் இழந்து நிற்கிற சனத்திடம் கையில் எதையாவது வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பற்றிய பயம் அது. அம்மா அம்மம்மாவைப் பார்த்தார். அம்மம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

“எங்கடை அம்மாளும் ஒருநாள் முன்பின் தெரியாத கிழவியாத்தானே வந்தவ. மாடு மேய்ச்ச பொடியள் நீ ஆர், எந்த ஊர், என்ன சாமியெண்டு கேட்டே பொங்கிக் குடுத்தவங்கள்? பிள்ளை போகட்டும். எழுத்துத்தானே படிப்பிக்கினம்.”

வற்றாப்பளையில் பிறந்தவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லத் தேவையில்லை. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். நந்திக்கடற்கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்றாளாம். பிள்ளைகள் பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டியது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல் தண்ணீரை விட்டு ஏற்று என்றாள், ஏற்றினார்கள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். மயிரை விலக்கினால் தலை முழுக்கக் கண்கள். பிள்ளைகள் திகைத்து நிற்க அவள் மறைந்துபோனாள். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி இலங்கையில் தங்கிய பத்தாவது இடம் இது, பத்தாப்பளைதான் வற்றாப்பளை ஆனது என்பார்கள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்குக் கடலிலிருந்து தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புத் தண்ணீரில் விளக்கெரித்து, அங்கிருந்து மடைப்பண்டம் வற்றாப்பளைக்கு வருகிறது. அந்தக் கதையோடு வளர்ந்த கிழவிக்கு, வானிலிருந்து இறங்கிய நாலு வெள்ளைக்காரர் பெரிய அதிசயமில்லை.

வகுப்பு பாட்டோடு தொடங்கும். தொடங்குமுன் அவர்கள் கைகோர்த்து ஜெபம் செய்வார்கள். எங்களைச் செய்யச் சொன்னதில்லை. நிறங்கள், மிருகங்கள், கிழமையின் நாட்கள். எங்கள் கூட்டத்துக்குப் படிப்பித்தவர் ஓர் இளம் பெண். மூக்கு வெயிலில் சிவந்து தோலுரிந்திருக்கும். நாங்கள் ரீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். அவரிடம் நீல மட்டை போட்ட சின்னக் கொப்பி ஒன்று இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து தமிழ்ச் சொல் எங்களிடம் கேட்டு, தன் எழுத்தில் எழுதிக்கொள்வார். வாளி, கயிறு, பனை, பிட்டு, மழை. “மழை” என்று அவர் சொன்னால் “மலை” என்று விழும். நாங்கள் சிரித்துத் திருத்துவோம். பெரிய ஆள் ஒருவரை நாங்கள் திருத்தலாம் என்று கண்டது அந்தப் பந்தலில்தான். முகாமில் எங்களுக்குச் சொன்னதெல்லாம் வரிசையில் நில், பேரைச் சொல், அட்டையைக் காட்டு என்பவைதான்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சுகம் விசாரிக்கப் படிப்பித்தார். “ஹவ் ஆர் யூ?” என்று கேட்டால் “ஐ ஆம் வெல்” என்று சொல்லவேண்டும். எல்லோரும் சொன்னோம். என் பக்கத்தில் இருந்த பொடியன் மட்டும் வாய் திறக்கவில்லை. அவன் முல்லைத்தீவில் ஓர் ஆங்கிலப் படப்புத்தகம் பார்த்திருந்தான். அதிலே வெல் என்றால் கிணறு. எழும்பி நின்று போதகரைக் கேட்டான்: “ஐயா, நான் கிணறு எண்டு ஏன் சொல்லவேணும்?”

பந்தல் முழுக்கச் சிரிப்பு. போதகர் மொழிபெயர்க்க ரீச்சரும் சிரித்தார். ஒரே சொல்லுக்கு இரண்டு கருத்து, நலமும் அதுதான், கிணறும் அதுதான் என்று விளங்கப்படுத்தினார். பின்னால் இருந்த அக்கா ஒருத்தி, “தமிழிலை வெல் எண்டால் வெற்றி பெறு” என்றாள். போதகர் அதையும் சொன்னார். ரீச்சர் நீலக் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டு, உங்கள் வீட்டுக் கிணற்றை எனக்குக் காட்டுவீர்களா என்று கேட்டார். எங்கள் வளவுதான் கிட்ட. கூட்டிக்கொண்டு போனோம்.

அந்தக் கிணற்றைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் ஊருக்கு வந்தபோது அது பாதிக்குமேல் தூர்ந்திருந்தது. தொண்டு நிறுவனம் ஒன்று மோட்டர் கொண்டுவந்து இறைத்தது. இறைக்க இறைக்கச் சேற்றிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. நசுங்கிய அலுமினியச் சட்டி. சைக்கிள் றிம். ஒற்றைச் செருப்புகள். கடைசியில் ஒரு பள்ளிக்கூடப் பை. சிப்பு இறுகித் திறக்க முடியாமல் மாமா கத்தியால் கிழித்தார். கொப்பிகள் களியாகிவிட்டன. கொம்பாஸ் பெட்டி ஒன்று மட்டும் கறள் பிடித்து முழுதாக இருந்தது. மூடிக்குள் யாரோ ஒரு பிள்ளை ஆணியால் கீறிப் பேர் எழுதியிருந்தது. முதல் எழுத்து மட்டும் தெரிந்தது, மிச்சத்தைக் கறள் தின்றுவிட்டது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுடையது இல்லை. ஊரில் கேட்டோம், ஒருவரும் உரிமை சொல்லவில்லை. மூன்று தரம் இறைத்தும் தண்ணீரில் நாற்றம் போகாமல், பல மாதம் பவுசர் தண்ணீர்தான் குடித்தோம்.

இதைப் போதகர் மெல்ல மெல்ல ஆங்கிலத்தில் சொன்னார். ரீச்சர் கிணற்றுக்கட்டில் இருந்தார். கழுத்தில் கமரா தொங்கியது, அதைத் தொடவில்லை. அம்மம்மா உள்ளே போய் அந்தக் கொம்பாஸ் பெட்டியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். அதை அவர் எறியாமல் வைத்திருந்தது அன்றுவரை எனக்கே தெரியாது. ரீச்சர் அந்த முதல் எழுத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, அது என்ன எழுத்து என்று கேட்டார். சொன்னேன். நீலக் கொப்பியில் அவர் தமிழில் எழுதிய முதல் எழுத்து அதுதான். அம்மம்மா தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொடுத்தார். ஒருவரும் பேசவில்லை.

அடுத்த நாள் நாங்கள் போனபோது பலகையில் “கிணறு” என்று தமிழில் எழுதியிருந்தது. கோணல்மாணலான எழுத்து. “று” அரைவாசி விழுந்து கிடந்தது. அன்றைய பாடம் அந்தச் சொல்லிலிருந்து தொடங்கியது.

மூன்று கிழமை முடிந்தது. கடைசி நாளுக்கு முதல்நாள் அம்மம்மா நந்திக்கடல் இறால் வாங்கிப் பொரித்து, சோறு போட்டார். ரீச்சர் கையால் பிசைந்து சாப்பிட்டார். பின்னேரம் கோயிலடிக்குக் கூட்டிப் போனோம். வெளிவீதியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார், கும்பிடவில்லை. அம்மம்மா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. “வந்து நிண்ட பிள்ளை. அது காணும்” என்றார். கடைசி நாள் எல்லோருக்கும் சான்றிதழும் வர்ணப் பென்சிலும் தந்தார்கள். அடுத்த வருசமும் வருவோம் என்றார்கள்.

2013 ஆவணியில் நாங்கள் பந்தலடியைக் கூட்டிவைத்தோம். தறப்பாள் கிழிந்திருந்த இடத்தை மாமா கிடுகால் மூடினார். சோளகம் வீசி முடிந்தது, ரீச்சர் ஆட்களின் வான் வரவில்லை. அவர்களைக் கோபிக்க எனக்கு மனமில்லை. கடல் கடந்து வருவதற்குப் பணம் வேண்டும், விசா வேண்டும், பிழைப்பிலிருந்து விடுமுறை வேண்டும். ஆனால் காத்திருந்த பிள்ளைகள் இருபது பேர். “ஐ ஆம் வெல்” என்று சொல்லப் பழகியவர்கள் அதற்கு அடுத்த வசனத்துக்குப் போகவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் அந்த இருபது பேரில் ஆங்கிலத்தில் சித்தியடைந்தவர்களை எண்ண ஒரு கை விரல்கள் காணும்.

பிறகு உயர்தரம் படிக்க யாழ்ப்பாணம் போனேன். ஒருநாள் உடுவிலுக்குப் போயிருந்தேன். அங்கே 1824இல் ஹரியட் வின்ஸ்லோ தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளி இன்றும் உடுவில் மகளிர் கல்லூரியாக நடக்கிறது. ஹரியட் 1833இல் அங்கேயே இறந்துபோனார். 1840இல் எலைசா அக்னியூ என்றொரு பெண் அமெரிக்காவிலிருந்து வந்து அந்தப் பள்ளியைப் பொறுப்பெடுத்தார். ஏறக்குறைய 40 ஆண்டுகள் படிப்பித்தார். ஒரு தரமேனும் தன் நாட்டுக்குத் திரும்பிப் போகாமல் 1883இல் மானிப்பாயில் கண்ணை மூடினார். ஹரியட்டின் கணவர் மைரன் வின்ஸ்லோ தமிழ் படித்து, 1862இல் பெரிய தமிழ் – ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டார். மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்தார். இவர்களைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்த நீலக் கொப்பிதான் கண்முன் வந்தது. படிப்பிக்க வந்தவர்கள் முதலில் படித்தார்கள். ரீச்சரும் அந்த வழியில்தான் முதல் அடி வைத்தார். அவருக்கு மூன்று கிழமைதான் கிடைத்தது.

உடுவிலுக்கும் மானிப்பாய்க்கும் வந்த அந்த மிஷனரிமாரும் மதம் பரப்பவே வந்தவர்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 1823இல் அவர்கள் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவராகி, சைவத்துக்குத் திரும்பி, 1887இல் கலித்தொகையை அச்சில் ஏற்றினார். யார் கொடுத்த எழுத்தைக் கொண்டு யார் எதைச் செய்வார் என்பதைக் கொடுத்தவர்களால் தீர்மானிக்க முடியவில்லை. எழுத்துத்தானே படிப்பிக்கினம் என்று அம்மம்மா சொன்னதன் கனம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அம்மம்மா 2016இல் போய்விட்டார். அந்தப் பந்தலும் வேம்பும் இப்போது இல்லை. அந்த இருபது பேரில் சிலர் வெளிநாட்டில், சிலர் கொழும்பில் கடைகளில், சிலர் நந்திக்கடலில் வீச்சுவலையோடு. கிணறு என்று ஏன் சொல்லவேணும் என்று கேட்டவன் சவூதியில் வாகனம் ஓட்டுகிறான். தொலைபேசியில் எடுத்தால் இன்றும் முதலில் “ஐ ஆம் வெல்” என்றுதான் சொல்வான்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வாருங்கள். கதவைச் சாத்துகிற ஊரல்ல இது. வந்தால் எங்கள் சொல்லில் நாளைக்கு ஐந்தையாவது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வருவோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதாயிருந்தால் வாருங்கள்; முடியாதென்றால் சொல்லாதீர்கள். வன்னியில் பிறந்து, படித்து, வெளியே போன எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. மூன்று கிழமை வந்தவர்களிடம் நாற்பது வருசத்தைக் கேட்க முடியாது. அதைக் கொடுக்கவேண்டியவர்கள் நாங்கள். பொங்கல் பார்க்கச் சனம் வைகாசியில் ஒருநாள் வந்து போகும். கோயில் விளக்குக்கு மற்ற நாட்களிலும் எண்ணெய் விடுகிறவர்கள் ஊரில் இருக்கிறவர்கள்தான்.

எங்கள் வளவில் இப்போது சனிக்கிழமை காலையில் ஆங்கில வகுப்பு நடக்கிறது. பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். முதலாம் நாள் பாடத்தைக் கிணற்றடியில் வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கொம்பாஸ் பெட்டி மேசையில் இருக்கிறது. உரியவர் யாரும் வந்தால் கொடுப்பேன்.