30 அடி நடக்கலாம், 35 அடி முடியாது

ஞாயிறு ராத்திரி நான் போட்ட ஒரு சண்டையைப் பத்தி இந்த த்ரெட். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடாதவங்களும் படிக்கலாம்.

காலேஜ் நண்பர்கள் அஞ்சு பேர், ஆளுக்கொரு ஊர். வாராவாரம் வீடியோ கால்ல ஆடுறோம். நான் க்ளெரிக், சாமி பேர்ல மந்திரம் சொல்லிக் காயம் ஆத்துறவன். (அங்கயும் அதே டூட்டியான்னு வீட்ல கேட்டாச்சு.)

வரைபடத்துல ஒரு கட்டம் 5 அடி. ஒவ்வொரு மந்திரத்துக்கும் எட்டுற தூரம் உண்டு. ஃபயர்பால் 150 அடி தள்ளிப் போய் விழுந்து, சுத்தி 20 அடிக்கு எரிக்கும். எரிக்கிறது ஈஸி. காப்பாத்துறதுக்குத்தான் கணக்குப் பார்ப்பாங்க. ஹீலிங் வர்ட்னா 60 அடிக்குள்ள ஆள் கண்ணுல பட்டா போதும், வாயால சொன்னாலே எந்திரிப்பான். ஆனா அது 4 பக்கப் பகடைதான். க்யூர் வூண்ட்ஸ் 8 பக்கம், ஆனா தொடணும். (நாங்க ஆடுறது 2014 விதிகள்.) நான் க்யூர் வூண்ட்ஸ் மட்டும்தான் எடுத்துட்டுப் போனேன். தொட்டுப் பாக்காம என்னய்யா வைத்தியம்ங்கிற வீறாப்பு.

நண்பன் 8 கட்டம் தள்ளி விழுந்தான். அவன் பக்கத்துக் கட்டத்துக்குப் போகவே 35 அடி. ஒரு முறைக்கு என் நடை 30. ஓடலாம், ஓடினா அந்த முறை மந்திரம் கிடையாது. மயங்கிக் கிடக்குறவனை 5 அடிக்குள்ள நின்னு அடிச்சா, சாவுக் கணக்குல ரெண்டு ஏறும். மூணு ஆனா கதை முடிஞ்சது. அவனுக்கு ஏற்கெனவே ஒண்ணு. காப்ளின் பக்கத்துலயே நின்னுச்சு.

"ஒரு கட்டம்தானேடா, விடேன்"னு ஆட்டம் நடத்துறவன்கிட்ட கத்தினேன். "விதி விதிதான் மச்சி." காலை கட் பண்ணிட்டேன். 43 வயசு ஆளு.

போன மாசம் விடியக்காலை 3 மணிக்கு அம்மா போன். அப்பாவுக்கு நெஞ்சுவலி, வேர்த்துக் கொட்டுது. நான் 300 கிலோமீட்டர் தள்ளி. விளையாட்டுல செண்டிங்னு ஒரு மந்திரம், எவ்வளவு தூரம்னாலும் சேதி போகும், ஆனா 25 வார்த்தைதான். நான் சொன்னது அவ்வளவுகூட இருக்காது: "108 கூப்பிடும்மா. ஆஸ்பிரின் 300 கடிச்சு முழுங்கச் சொல்லு. நடக்க விடாத. கதவைத் திறந்து வை." (எல்லாருக்கும் இது பொருந்தாது, நீங்களா செய்யாதீங்க.) நாடி பிடிச்சுப் பழகின கையில போன் இருந்துச்சு. அப்பாவைத் தொட்டுத் தூக்கினது எதிர் வீட்டு ஆட்டோக்கார அண்ணன்.

ஸ்டென்ட் வெச்சாச்சு. இப்ப சாம்பார்ல உப்பு இல்லைன்னு அம்மாவோட தகராறு பண்ற அளவுக்குத் தேறிட்டாரு.

காலைல முதல் மெசேஜ், விளையாட்டுல செத்துப்போனவன்கிட்ட இருந்து: "அப்பா எப்படிடா இருக்காரு?" அடுத்த வாரம் புது கேரக்டரோட வர்றான். நான் ஹீலிங் வர்டையும் எடுத்து வெச்சுட்டேன்.