குழி தோண்டியவர் யார்? – கேப் டவுனில் சாப்பிட்டதும் குடித்ததும்

வெளியூருக்குப் போனால் எங்கே சாப்பிடுவது என்பது எங்களுக்கு ஒருபோதும் சின்னக் கேள்வியாக இருந்ததில்லை. இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு கடையின் வாசலில் கால் வைக்கும்போதே உள்ளே உட்கார்ந்திருப்பது யார், மேசை துடைப்பது யார், பின்பக்கம் பாத்திரம் கழுவுவது யார் என்று கண் தானாகத் துழாவும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகருக்குப் போனபோதும் அந்தக் கண்ணோடுதான் போனோம்.

நில உரிமை தொடர்பான ஒரு கூட்டம். தமிழ்நாட்டிலிருந்து நான்கு பேர் போயிருந்தோம். கூட்டம் மூன்று நாளில் முடிந்துவிட்டது. விமானச் சீட்டு மலிவாகக் கிடைத்த தேதியோ இன்னும் நான்கு நாள் தள்ளி. அந்த நான்கு நாளும் நடந்தோம், சாப்பிட்டோம், குடித்தோம். கூட்டத்தில் பேசியதைப் பிறகு எழுதலாம். இது சோற்றையும் ஒயினையும் பற்றியது. போராட்டக்காரர்களுக்கு ஒயின் எதற்கு என்று முகம் சுளிக்கும் தோழர்கள் இருப்பார்கள். நல்ல சாப்பாடும் நல்ல குடியும் யாருக்கென்று எழுதி வைத்திருக்கிறது என்பதை அவர்கள் சொன்னால் நாங்களும் தெரிந்துகொள்வோம்.

முதல் நாள் இரவு விடுதி வரவேற்பில் கேட்டோம். அச்சடித்த பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய வாட்டர்ஃபிரண்ட் கடைகள், காரில் ஒரு மணி நேரம் போனால் ஃபிரான்ஷூக் ஊரின் பெரிய உணவகங்கள். பட்டியலில் முதலில் இருந்த இடத்துக்கே போனோம். மீன் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் எங்களைத் தவிர அத்தனை பேரும் வெள்ளையர். தட்டு சுமந்தவர்கள் அத்தனை பேரும் கறுப்பர். உணவகம், பெஞ்சு, கடற்கரை என்று எல்லாவற்றையும் நிறத்தால் பிரித்து வைத்த 1953-ஆம் ஆண்டுச் சட்டம் 1990-இல் நீக்கப்பட்டது. பலகையைக் கழற்றிவிட்டார்கள். அந்த வேலையை இப்போது விலைப்பட்டியல் பார்த்துக்கொள்கிறது.

மறுநாள் காலை அறையைச் சுத்தம் செய்ய வந்த அம்மாவிடம் கேட்டோம்: "சம்பளம் வாங்கிய அன்றைக்கு நீங்கள் எங்கே போய்ச் சாப்பிடுவீர்கள்?" முதலில் சிரித்தார். இப்படி யாரும் கேட்டதில்லையாம். அப்புறம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூன்று இடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரத்துக்குப் போ-காப். கேட்ஸ்பிக்கு ஆத்லோன். ஆட்டுத்தலைக்கு லாங்கா. எங்கள் நான்கு நாள் திட்டம் அந்த ஒரு நிமிடத்தில் முடிவாகிவிட்டது.

போ-காப் நகர மையத்தை ஒட்டி மலைச்சரிவில் இருக்கிறது. பச்சை, மஞ்சள், ரோஸ் என்று வண்ணம் பூசிய வீடுகள். சுற்றுலா வருகிறவர்கள் அந்தச் சுவர்களின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் போய்விடுகிறார்கள். உள்ளே இருப்பவர்களில் பலர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்த அடிமைகளின் வழிவந்தவர்கள். பழவேற்காட்டில் கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்ததே, அதே கம்பெனிதான். இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், வங்காளம், மலபார், நம் சோழமண்டலக் கரை என்று பல இடங்களிலிருந்து ஆட்களைப் பிடித்தும் வாங்கியும் கப்பலேற்றினார்கள். பழைய பதிவேடுகளில் அடிமையின் பெயருக்குப் பின்னால் வந்த இடத்தின் பெயர் இருக்கும்: வான் பெங்காலன், வான் மலபார், வான் கோரமண்டல். சிலருக்கு மாதத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். இன்றும் கேப் டவுனில் ஏப்ரல், செப்டம்பர் என்று குடும்பப் பெயர் உள்ளவர்கள் இருக்கிறார்கள். எங்களில் ஒருவர் நாகப்பட்டினம் பக்கத்துக்காரர். 'கோரமண்டல்' என்பதைக் கேட்டதும் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. நம் கரையிலிருந்து யாரை ஏற்றியிருப்பார்கள், எந்தத் தெருக்காரர்களை என்று எங்களில் யாரும் வாய்விட்டுக் கேட்கவுமில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். கடலை மாவில் கீரையும் மிளகாயும் போட்டுப் பொரிக்கும் 'டால்ச்சி'யை நம் ஊர்ப் பக்கோடாவுக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. ஊறுகாய்க்குப் பெயர் அச்சார். சமோசாவுக்குச் சமூசா. பொபோட்டி என்பது கொத்துக்கறியில் மசாலாவும் உலர்திராட்சையும் சேர்த்து, மேலே முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, அடுப்பில் வைத்துச் சுடுவது. மஞ்சள் சோற்றோடு தருகிறார்கள். கறியில் இனிப்பா என்று தயங்கியவர்கள் இரண்டாம் முறையும் வாங்கினோம். ஞாயிறு காலையில் கூசிஸ்டர் கிடைக்கும். சோம்பும் பட்டையும் இஞ்சியும் போட்ட மாவைப் பொரித்து, பாகில் ஊறவைத்து, தேங்காய்த் துருவலில் புரட்டிய உருண்டை. சேமியா, ஜவ்வரிசி, ஏலக்காய், பால் சேர்த்துக் காய்ச்சும் பூபர் ரமலான் மாதத்தின் நடுவில் செய்வது. அதை விவரித்த ஆன்ட்டியிடம் (அங்கே தெரியாத பெரியவர்களையும் ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள்) "இது எங்கள் பாயசம்" என்றோம். "இல்லை, இது எங்கள் பூபர்" என்றார். இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சமையலைச் செய்யும் பெரும்பாலான கடைகள் ஹலால் கடைகள். மது கிடையாது. பையில் பாட்டில் வைத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

ஆத்லோனுக்குப் போகும் முன் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட வேண்டும். அது தெரியாமல் ஆத்லோன் சாப்பாடு புரியாது. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் நகர மையத்தை ஒட்டியிருந்த, எல்லா நிறத்தவரும் கலந்து வாழ்ந்த பகுதி. 1966 பிப்ரவரி 11 அன்று அதை வெள்ளையர் பகுதி என்று அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டுகளில் 60,000-க்கும் மேற்பட்டவர்களைக் கிளப்பி, நகரத்துக்கு வெளியே கேப் ஃபிளாட்ஸ் என்ற மணல்வெளியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். வீடுகளை இடித்தார்கள். அருங்காட்சியகத்தின் தரை முழுக்க அந்தப் பகுதியின் வரைபடம். இருந்தவர்கள் வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதியிருக்கிறார்கள். தெருவோடு தெருவாகப் பலகாரக் கடைகளும் மீன் கடைகளும் போயின. நகரத்தின் நடுவில் நின்றுகொண்டு நகரத்தின் சாப்பாட்டைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? சமைத்தவர்களைத்தான் ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்களே.

கேட்ஸ்பி அந்த வெளியிலிருந்து வந்த சாப்பாடு. 1976 வாக்கில் ஆத்லோனில் ஒரு மீன் கடைக்காரர், தனக்கு உதவி செய்த கூலியாட்களுக்குக் கொடுக்கக் கையில் இருந்ததையெல்லாம் ரொட்டிக்குள் திணித்ததில் பிறந்தது என்கிறார்கள். முழங்கை நீளத்துக்கு மேல் ரொட்டி. உள்ளே உருளைக்கிழங்கு வறுவல், மசாலாக் கறி, அச்சார். நான்காக வெட்டித்தான் தருவார்கள். தனி ஆள் வாங்குவதற்கானது அல்ல. நாங்கள் நான்கு பேராக இருந்தது நல்லதாயிற்று. சட்டை முழுக்க எண்ணெய்.

இனி ஒயின். மூன்றாம் நாள் ஸ்டெல்லன்போஷ் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். வெள்ளைச் சுண்ணாம்பு மாளிகை, பின்னால் நீல மலை, அழகுக்குக் குறைவில்லை. காசு கட்டினால் ஐந்தாறு ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சுவைக்கத் தருவார்கள். வழிகாட்டி அம்மையார் 300 ஆண்டு வரலாறு சொன்னார். குடும்பம் வந்தது, குடும்பம் நட்டது, குடும்பம் வளர்த்தது. அடிமை என்ற சொல் அரை மணி நேரத்தில் ஒரு முறைகூட வரவில்லை. "கொடி நடக் குழி தோண்டியது யார்?" என்று எங்கள் தோழர் கேட்டார். அம்மையார் மண்ணின் தன்மையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

1659 பிப்ரவரி 2 அன்று கேப் திராட்சையில் முதல் ஒயின் பிழிந்ததை, டச்சுக் கம்பெனித் தளபதி யான் வான் ரீபெக் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அடிமைகள் பெரும் எண்ணிக்கையில் கப்பலில் வந்து இறங்கியது அதற்கு முந்தைய ஆண்டு, 1658-இல். அடிமை முறை ஒழிந்தது 1834-இல் என்பார்கள். 'பயிற்சி' என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டு அதே எஜமானிடம் கட்டிப்போட்டதையும் சேர்த்தால் 1838. அதற்குப் பிறகும் தோட்டங்களில் 'டொப்' என்றொரு முறை இருந்தது. கூலியில் ஒரு பகுதியை மட்ட ஒயினாகக் கொடுப்பது. காலையில் தொடங்கி நாளுக்குப் பல முறை தகரக் குவளையில் ஊற்றுவார்கள். 1960-களில் சட்டம் அதைத் தடை செய்தது. 1990-கள் வரை அங்கங்கே நடந்துகொண்டுதான் இருந்தது. நம் ஊரில் கூலியைக் கையில் கொடுத்துவிட்டு மாலையில் அரசுக் கடையில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அங்கே அந்தச் சுற்றுகூட வைக்கவில்லை. தாய் வயிற்றிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் ஒன்று, இந்த மேற்குக் கேப் மாகாணம்.

அம்மையார் நகர்ந்ததும், எங்களுக்கு ஊற்றிக்கொடுத்த இளைஞர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என் தாத்தாவுக்கு இங்கேதான் வேலை. கூலி பாதி காசு, பாதி குவளை. நான் குடிப்பதில்லை. வேலைக்காக நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவேன்."

எங்கள் தோழர் ஒருவர் அத்தோடு கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். கடைசி நாள் வரை ஒயினைத் தொடவில்லை. அவரை வற்புறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை. மற்ற மூன்று பேரும் குடித்தோம். அன்றிரவு இதைப் பற்றி நிறையச் சண்டை போட்டோம். குடிக்காமல் போனால் அந்தக் கொடியில் வேலை செய்கிறவருக்கு என்ன கிடைக்கும் என்பது எங்கள் பக்கம். குடித்தால் என்ன கிடைக்கிறது என்பது அவர் பக்கம். 2012 இறுதியில் டி டூர்ன்ஸ் பகுதியில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, சாலையில் இறங்கினார்கள். அப்போது ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 69 ரேண்ட். கேட்டது 150. 2013 மார்ச்சில் கிடைத்தது 105. அதை வாங்கிக்கொடுத்தது ஒயினைக் குடித்தவர்களும் அல்ல, மறுத்தவர்களும் அல்ல என்பதை மட்டும் நால்வரும் ஒப்புக்கொண்டோம்.

ஆனாலும் பாட்டிலைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. பாட்டிலில் 'வீட்டா' என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். தோட்டங்களின் வேலை நிலைமையைத் தணிக்கை செய்ய 2002-இல் தொடங்கிய அமைப்பு அது. தொழிற்சங்கங்களுக்கும் அதில் இடம் உண்டு. பேர்ட்ரேட் முத்திரையும் உண்டு. முத்திரை இருப்பதாலேயே எல்லாம் சரி என்று ஆகாது. 2011-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தத் தோட்டங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் பூச்சிமருந்து, ஒழுகும் வீடு, வெளியேற்றம், சங்கம் சேரத் தடை எல்லாம் இருக்கின்றன. இருந்தாலும் முத்திரை இல்லாததற்கு இருப்பது மேல்.

இன்னொரு வழி, கறுப்பினத்தவர் சொந்தமாகச் செய்யும் ஒயினைக் கேட்டு வாங்குவது. ஸ்டெல்லன்போஷில் 2003-இல் ஒரு கறுப்பினக் குடும்பம் தோட்டத்தை வாங்கித் தொடங்கியது ம்ஹூதி. நாங்கள் வாங்கியது அஸ்லினா. அதைச் செய்பவர் ன்ட்சிகி பியேலா, அந்நாட்டின் முதல் கறுப்பினப் பெண் ஒயின் தயாரிப்பாளர். குவாசுலு-நட்டால் கிராமத்துப் பெண். உதவித்தொகை கிடைத்து ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தபோது ஒயினைச் சுவைத்ததே இல்லை, பாடம் நடந்த ஆஃப்ரிகான்ஸ் மொழியும் தெரியாது. வளர்த்த பாட்டியின் பெயரைத்தான் ஒயினுக்கு வைத்திருக்கிறார். இவரைப் போன்ற பலருக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. திராட்சையை வெளியே வாங்கித்தான் செய்கிறார்கள். லேபிள் கைக்கு வந்திருக்கிறது, நிலம் வரவில்லை. பஞ்சமி நிலத்துக்கு மனு எழுதி மனு எழுதிக் கை ஓய்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எதைக் குடிப்பது என்று கேட்டால்: வெள்ளையில் செனின் பிளாங்க். அங்கே மிக அதிகமாக நட்டிருப்பது அதுதான், பழைய பெயர் ஸ்டீன். லேசான புளிப்பும் பழ வாசனையும் இருப்பதால் நம் காரத்துக்கு ஒத்துப்போகிறது. சிவப்பில் பினோடாஜ். 1925-இல் ஸ்டெல்லன்போஷில் பேராசிரியர் பெரோல்ட் இரண்டு திராட்சைகளை இனக்கலப்புச் செய்து உருவாக்கிய வகை. கொஞ்சம் புகை வாசம் அடிக்கும், தணலில் சுட்ட கறிக்குத் தோது. உணவகத்தில் வாங்கினால் விலை ஏறும். கடையில் பாட்டில் வாங்கிப் போய், திறக்கும் கட்டணம் மட்டும் கொடுத்துக் குடிக்கப் பல உணவகங்கள் விடுகின்றன. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கடைசி நாள் லாங்கா. 1927-இல் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிக் கட்டிய குடியிருப்பு, கேப் டவுனில் இருப்பவற்றில் பழையது. தெருவோரத்தில் பெண்கள் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ஆட்டுத்தலையின் மயிரைப் பொசுக்கிச் சுரண்டி, பெரிய பாத்திரத்தில் வேகவைக்கிறார்கள். வேகும்போது உதடு சுருங்கிப் பல் தெரிவதால் அதற்கு 'ஸ்மைலி' என்று பெயர். கடைக்காரரை எல்லோரும் 'மாமா' என்று கூப்பிடுகிறார்கள். அங்கே அம்மாவுக்கு அதுதான் சொல். நாங்களும் கூச்சப்பட்டுக்கொண்டே மாமா என்றோம். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, கன்னத்துக் கறியைப் பிய்த்துத் தின்றோம். நாக்கை யாருக்குக் கொடுப்பது என்று ஒரு தகராறு. எங்கள் செனின் பிளாங்க் பாட்டிலை மாமா வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு மிடறு குடித்து, "புளிப்பு" என்று திருப்பிக் கொடுத்தார். பக்கத்து வீட்டில் உம்கொம்போத்தி இருந்தது. மக்காச்சோளமும் சோளமும் புளிக்கவைத்த கள், வாசனை அப்படியே நம் பழங்கூழ். ஒயினைத் தொடாத தோழர் அதை மறுக்கவில்லை. ஒரே பாத்திரம், கை மாறி மாறி எல்லோர் வாய்க்கும் போனது. எங்களிடமும் வந்தது. அரைத் தலை போதாமல் இன்னொரு அரைத் தலை வாங்கினோம்.