மடிய வேண்டிய இடத்தில் மடியும் தோல்

கனமான தோல் பூட்ஸைக் கையில் வாங்குகிறவர்கள் முதலில் எடை பார்ப்பார்கள். ஒரு ஜோடி சாதாரணமாக ஒன்றரை கிலோ இருக்கும். கெட்டியானது இரண்டு கிலோவைத் தொடும். "இதைப் போட்டுக்கிட்டு எப்படிங்க மலை ஏறுறது?" என்பார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எத்தனை வருஷம் உழைக்கும்?" என்பார்கள். சுகத்தை விட்டுக்கொடுத்தால்தான் உழைப்பு கிடைக்கும் என்ற எண்ணம் இரண்டு கேள்விகளுக்கும் அடியில் கிடக்கிறது.

ஆம்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கட்டிங், லாஸ்டிங் என்று வேலை பழகி, பிறகு மலை பூட்ஸ் தைப்பதையும் பழசுக்குப் புது அடி போடுவதையுமே தொழிலாக்கிக்கொண்டவன் நான். என் கைக்கு வந்த பூட்ஸ்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு. காலைக் கடிக்கிற பூட்ஸ்தான் சீக்கிரம் பிய்கிறது. காலுக்கு இதமாக அமைந்ததுதான் நெடுநாள் உழைக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

நடக்கும்போது பாதம் விரல்களின் அடிமூட்டில் மடிகிறது. பூட்ஸும் அதே கோட்டில் மடிந்தால் காலுக்கும் நோவில்லை, தோலுக்கும் நோவில்லை. அரை அங்குலம் தள்ளி மடிந்தால் அந்த மடிப்பு விரல் எலும்பின் மேல் அழுந்தும். தோலும் தாறுமாறாகச் சுருங்கி அதே இடத்தில் வெடிக்கும். குதிகாலும் அப்படித்தான். ஒவ்வோர் அடிக்கும் குதிகால் உள்ளே எழும்பி இறங்கினால் காலில் கொப்புளம் வரும். அதே உராய்வில் உள்தோல் தேய்ந்து, அதற்குப் பின்னாலிருக்கும் விறைப்பான கவுண்டர் வெளியே தெரிந்துவிடும். பழுதுக்கு வரும் பூட்ஸில் நான் முதலில் அடியைப் பார்ப்பதில்லை. உள்ளே விரலை விட்டுக் குதிகால் பகுதியைத் தடவுவேன். அங்கே உள்தோல் முழுசாக இருந்தால் அந்த மனிதர் சுகமாக நடந்திருக்கிறார். அந்த பூட்ஸுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது.

இந்தப் பொருத்தத்தில் பாதி கட்டிங் டேபிளிலேயே முடிவாகிவிடும். ஒரே மாட்டுத் தோலில் முதுகும் பின்புறமும் ஒரு தோல், வயிறும் கால் இடுக்கும் வேறொரு தோல். முதுகுப் பக்கம் நார்கள் நெருங்கிப் பின்னியிருக்கும். வயிற்றுப் பக்கம் தளர்ந்து, இழுத்த இழுப்புக்கு வரும். மலை பூட்ஸின் முன்பாகம் முதுகிலிருந்தும் பின்புறத்திலிருந்தும்தான் வர வேண்டும். நாக்குக்கும் மறைவான இடங்களுக்கும் மற்றதைப் பயன்படுத்தலாம். தோல் ஒரு திசையில் அதிகமாகவும் குறுக்கே குறைவாகவும் நீளும். விரலிலிருந்து குதிகாலுக்குப் போகும் நீளவாட்டில் நீளாத திசை அமைய வேண்டும். மாற்றி வெட்டினால் சில மாதங்களில் பூட்ஸ் நீண்டு, கால் உள்ளே வழுக்கும். தோலை மிச்சப்படுத்த வெட்டும் அச்சைத் திருப்பி வைக்கும் ஆசை கட்டிங் டேபிளில் எப்போதும் இருக்கும். அந்த ஆசைக்கான விலையைக் கொடுப்பவர் மலையில் நடக்கிறவர்.

இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள, மேல்பரப்பு தேய்க்கப்படாத தோல்தான் இந்த வேலைக்குத் தகுதி. மேல்பரப்பில்தான் நார்கள் மிக நுணுக்கமாக நெருங்கியிருக்கின்றன. தழும்பையும் உண்ணிக்கடித் தடத்தையும் மறைக்க அதைத் தேய்த்துப் பூச்சுப் பூசினால் பார்க்க வழவழப்பாக இருக்கும். தண்ணீரைத் தடுக்கும் வலுவும் உரசலைத் தாங்கும் வலுவும் போய்விடும். மேலே தையல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு தையலும் தண்ணீருக்கு ஒரு வரிசை ஓட்டை. பாறையில் முதலில் அறுவதும் அந்த நூல்தான்.

அடுத்தது லாஸ்ட், அதாவது பூட்ஸை உருவாக்கும் கால் வடிவ அச்சு. ஈரப்படுத்திய தோலை அதன் மேல் இழுத்துப் பிடித்து, அந்த வடிவம் தோலின் நாரில் ஊறும்வரை விட்டுவைக்க வேண்டும். அவசரத்துக்குச் சூடு காட்டி இறக்கினால் வடிவம் பாதிதான் பிடிக்கும். ஏற்றுமதிக்குச் செய்யும் லாஸ்ட்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் காலுக்கானவை. வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த நம் ஆட்களில் பலருக்குப் பாதத்தின் முன்பக்கம் விரிந்து, விரல்கள் பிரிந்திருக்கும். அப்படிப்பட்டவர் இறுக்கம் தாங்காமல் ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறார். அகலம் சரியாகிவிடுகிறது, மடிப்புக் கோடு முன்னால் தள்ளிப் போய்விடுகிறது, குதிகால் ஆடத் தொடங்குகிறது. நான் பார்த்த வெடிப்புகளில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவை. நீளம் சரியாகவும் முன்பக்கம் அகலமாகவும் உள்ள லாஸ்ட்டைத் தேடுவதே தீர்வு.

பூட்ஸின் ஆயுளைத் தீர்மானிக்கும் கடைசி இடம் அடி. பழைய காலத்து மலை பூட்ஸுக்குத் தோல் அடியில் இரும்பு ஆணி அடித்திருப்பார்கள். 1935-இல் ஆல்ப்ஸில் புன்டா ரஸிகா சிகரத்தில் 6 பேர் இறந்தார்கள். பொருத்தமில்லாத காலணியும் அதற்கு ஒரு காரணம் என்று உணர்ந்த விட்டாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேறி, ஆழமான வரிப்பள்ளம் கொண்ட ரப்பர் அடியை உருவாக்கி 1937-இல் வெளியிட்டார். அவர் பெயரையும் குடும்பப் பெயரையும் சுருக்கி வந்ததுதான் விப்ரம். 1954-இல் கே2 சிகரத்தை முதன்முதலில் தொட்ட இத்தாலியக் குழுவின் காலடியிலும் அந்த ரப்பர்தான் இருந்தது.

அந்த ரப்பரை மேல்தோலோடு எப்படிச் சேர்க்கிறோம் என்பது அடுத்த கேள்வி. வெல்ட் என்ற தோல் பட்டையை இடையில் வைத்துத் தைத்தால், தேய்ந்த அடியைக் கழற்றிப் புதிதாகத் தைக்கலாம். மேல்தோலுக்கு ஒன்றும் ஆகாது. அந்த அமைப்பில் பாதம் பதியும் இன்சோலும் தோல்தான். அதற்கடியில் தக்கை நிரப்புவோம். வியர்வையும் எடையும் சேர்ந்து அது உங்கள் பாதத்தின் பள்ளம் மேட்டை அப்படியே வாங்கிக்கொள்ளும். புதிதில் கல் மாதிரி இருப்பது பழகப் பழகச் சுகமாவதற்குக் காரணம் இதுதான். அந்தச் சுகம் கடையில் போட்டுப் பார்க்கும்போது கிடைக்காது.

கடையிலேயே கிடைக்கும் மெத்தென்ற சுகம் பெரும்பாலும் நுரைபோன்ற பாலியூரித்தேன் மிட்சோலிலிருந்து, அதாவது அடியின் நடு அடுக்கிலிருந்து, வருவது. அது காற்றிலுள்ள ஈரத்தால் நாளடைவில் உள்ளுக்குள்ளேயே சிதையும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சிதையும். சென்னை போன்ற கடலோரப் புழுக்கத்தில் இன்னும் வேகமாகச் சிதையும். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு இமயமலைக்குப் போனவர்களுக்கு, நடந்த முதல் நாளே அடி பிளந்த கதைகள் உண்டு. பழைய பூட்ஸ் வைத்திருப்பவர்கள் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே போட்டு நடந்து, மிட்சோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொடிந்தால் போடாதீர்கள்.

எடையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். காலில் கட்டிய எடை, அதே எடையை முதுகில் சுமப்பதைவிட நான்கு முதல் ஆறு மடங்கு வரை கூடுதல் சக்தியைக் கேட்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலையில் ஏறி மாலையில் இறங்கும் பாதைக்கு லேசான ஷூவே போதும். அதற்காக என்னிடம் வருகிறவர்களை அப்படியே சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். கனமான பூட்ஸ் தன் எடைக்கு நியாயம் செய்வது முதுகில் பெரிய மூட்டையோடு, சரளைக்கல் சரிவிலும் பனியிலும் பல நாள் நடக்கும்போது. அடிக்குள் இருக்கும் எஃகுத் தகடான ஷாங்க்கும் கெட்டியான ஓரமும் கூர்க்கல்லின் குத்தலைத் தாங்கிக்கொள்வதால், பாதத்தின் சிறு தசைகள் ஓய்வாக இருக்கும். மாலையில் கால் சோர்ந்த பிறகுதான் அந்த அருமை தெரியும்.

வாங்கியவர் செய்ய வேண்டியதும் உண்டு. சாயங்காலத்தில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, மலைக்குப் போடும் அதே தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். சரிவான பலகையில் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் இடிக்கக் கூடாது. முதலில் வீட்டில், பிறகு தெருவில், பிறகு பக்கத்துக் குன்றில் என்று பழக்குங்கள். தண்ணீரில் ஊறவைத்தோ சூடு காட்டியோ பழக்கும் குறுக்குவழி வேண்டாம்.

நனைந்த பூட்ஸைக் கணப்பின் பக்கத்தில் வைப்பது பெரிய கேடு. குரோமில் பதனிட்ட மேல்தோல் கொதிநீர்ச் சூட்டையும் தாங்கிவிடும். இன்சோல் அப்படியல்ல. அது தாவரப் பட்டையில் பதனிட்டது. நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட மரபைச் சேர்ந்தது. ஈரமாக இருக்கும்போது 75, 80 டிகிரி சூட்டிலேயே அது சுருங்கத் தொடங்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது; உள்ளே காலுக்கு வடிவான மேடை வளைந்து போயிருக்கும். செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். சேற்றைக் கழுவாமல் விடாதீர்கள். காய்ந்த மணல் மடிப்பில் புகுந்து நாரை அறுக்கும். மெழுகை அளவாகத் தடவுங்கள். எண்ணெயில் குளிப்பாட்டினால் தோல் இளகி, கணுக்காலைப் பிடிக்கும் விறைப்பு போய்விடும்.

நான் நீடிப்பை இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் பாலாறு. எங்கள் பகுதியின் சோறும் இந்தத் தோலில்தான் வந்தது. எங்கள் கிணறுகள் கெட்டதும் இந்தத் தோலால்தான். வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு மாட்டின் உயிரும் ஒரு ஆற்றின் தண்ணீரும் செலவான பொருளை இரண்டு பருவத்தில் குப்பையில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. நன்றாக வெட்டி, நன்றாகத் தைத்து, இரண்டு மூன்று முறை அடி மாற்றி ஒருவர் பதினைந்து வருஷம் நடந்தால், அந்தச் செலவுக்குக் கொஞ்சமாவது மரியாதை செய்ததாகும்.

ஆகவே அடுத்த முறை மலை பூட்ஸ் வாங்கப் போகும்போது விலைக்கு முன்னால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். என் பாதம் மடிகிற இடத்தில் இது மடிகிறதா? அடி தேய்ந்தால் மாற்றித் தர முடியுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்ற பதில் கிடைக்காத பூட்ஸை, எவ்வளவு பெரிய பெயர் அதன் மேல் இருந்தாலும், வாங்காதீர்கள்.