ஜாப் கார்டில் ஏறாத வாக்கியம்

“காலையில முதல் ஸ்டார்ட்டுல மட்டும் இழுக்குது சார். ரெண்டாவது தடவை ஒண்ணுமே இல்ல. மழை பெஞ்ச மறுநாள் கொஞ்சம் ஜாஸ்தி.” சென்னையின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்களில் காலை ஒன்பது மணி வரிசையில் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். எதிரே டேப்லெட்டோடு நிற்கும் சர்வீஸ் அட்வைசர் தலையாட்டிக்கொண்டே ஜாப் கார்டில் ஏற்றுவது மூன்றே சொல்: ‘ஸ்டார்ட்டிங் பிராப்ளம், செக்.’ முதல் ஸ்டார்ட் மட்டும் என்பதும் மழைக்கு மறுநாள் என்பதும் அங்கேயே உதிர்ந்துவிடுகின்றன. உள்ளே ஷெட்டில் வண்டியை லிஃப்டில் ஏற்றப்போகும் டெக்னீஷியன் பெரும்பாலும் உரிமையாளரைப் பார்ப்பதே இல்லை. அவர் கைக்குப் போய்ச் சேருவது அந்த மூன்று சொல்தான். ஒரே பழுது ஏன் மறுபடி மறுபடி வருகிறது என்று கேட்டால், மெக்கானிக்குக்கு விஷயம் தெரியவில்லை என்பார்கள், அல்லது ஏமாற்றுகிறார்கள் என்பார்கள். இந்தப் பணிமனைகளில் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தபின் எனக்கு இரண்டு பதிலும் போதவில்லை. ஒரு பாகத்தை மாற்றுகிற வேலைக்கு அங்கே நேரமும் உண்டு, கூலியும் உண்டு. பழுதைத் தேடுகிற வேலைக்கு இரண்டுமே இல்லை.

‘அதான் ஸ்கேனர் இருக்கிறதே’ என்று உடனே ஒரு மறுப்பு எழும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்தபின் விற்ற எந்தப் பெட்ரோல், டீசல் காரிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் ஒன்று இருக்கிறது. அதில் ஸ்கேனரைச் செருகினால் பழுதைக் குறிக்கும் ‘கோடு’ வந்துவிடும். ஆனால் கோடு எந்தப் பாகத்தையும் குற்றவாளி என்று சொல்வதில்லை. ‘பி 0171’ என்று வந்தால் பெட்ரோலுக்குக் காற்று அதிகமாகச் சேர்கிறது என்று மட்டும் பொருள். வேக்குவம் ஓஸில் வெடிப்பு இருக்கலாம், இன்டேக் கேஸ்கெட் கசியலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். இத்தனையையும் விட்டுவிட்டு ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவது பல இடங்களில் நடக்கிறது. அது பாவம், உள்ளதைச் சொன்ன சென்சார். இதைவிடப் பெரிய சேதம் கோடை அழிப்பதில் நேர்கிறது. பழுது பதிவான கணத்தில் இன்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, வண்டி என்ன வேகத்தில் போனது, சுமை எவ்வளவு என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு பக்கமாகச் சேமித்து வைத்திருக்கும். ‘கிளியர்’ பட்டனை அழுத்தினால் கோடோடு அந்தப் பக்கமும் போய்விடும். பல பழுதுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியும் என்பதால், டெலிவரி எடுக்கும்போது டேஷ்போர்டு சுத்தமாக இருக்கும். மூன்றாம் நாள் திண்டிவனம் தாண்டும்போது மஞ்சள் விளக்கு மறுபடி எரியும்.

பேட்டரி இறங்கும் புகாரை எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் தெளிவாகும். இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. புதுப் பேட்டரி மாட்டப் பத்து நிமிடம். பாகத்துக்கு எண் இருக்கிறது, விலை இருக்கிறது, பில் இருக்கிறது. உண்மையில் செய்யவேண்டிய வேலையோ வேறு. பேட்டரி கேபிளில் கிளாம்ப் மீட்டரைக் கோத்து, கதவைப் பூட்டி, உள்ளேயிருக்கும் கன்ட்ரோல் யூனிட்டுகள் ஒவ்வொன்றாக உறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கே அரை மணி ஆகலாம், சில வண்டிகளில் அதற்கு மேலும் ஆகும். அதன்பின் ஓடும் மின்சாரம் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கவேண்டும். அரை ஆம்பியர் ஓடுகிறது என்றால் நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்று நாளில் பாதிக்கு மேல் காலி. பிறகு ஃப்யூஸ் ஃப்யூஸாக அளந்து எந்தக் கிளையில் கசிகிறது என்று பிடிக்கவேண்டும். முடிவில் அகப்படுவது வெளியே மாட்டிய ரிவர்ஸ் கேமராவின் ஒயராக இருக்கலாம், அல்லது மூடியபின்னும் அணையாத டேஷ்போர்டுப் பெட்டி விளக்காக இருக்கலாம். ஒன்றரை மணி நேர உழைப்புக்கு விற்பனையான பாகம் பூஜ்யம். வாடிக்கையாளரிடம் அதற்குக் கூலி கேட்டால், ‘ஒயரைப் பிடுங்கினதுக்கு இவ்வளவா?’ என்பார். அவரையும் குறை சொல்ல முடியாது.

பெரும்பாலான சென்டர்களில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று கம்பெனியே வகுத்து வைத்திருக்கிறது. கிளட்ச் மாற்ற இவ்வளவு, பம்ப் மாற்ற இவ்வளவு. வாரண்டியில் செய்தால் அந்த அட்டவணைப்படிதான் பணம் திரும்பி வரும், அதற்கும் கழற்றிய பழைய பாகத்தைக் காட்டவேண்டும். எலி கடித்த ஒயரைத் தேடி இன்ஜின் அறைக்குள் குனிந்துகிடந்த நேரம் அட்டவணைக்குள் அடங்காது. (எலிக்குப் பயந்து பானெட்டுக்குள் புகையிலையும் நாப்தலின் உருண்டையும் வைக்காத வீடு குறைவு, எலி பாதி கடித்துவிட்ட ஒயர் குழியில் வண்டி குலுங்கும்போது மட்டும் தொடர்பு அறுந்து, மெக்கானிக்கின் கண்முன் ஒழுங்காக வேலை செய்யும்.) இப்படி அமைந்த இடத்தில் நேர்மையான டெக்னீஷியன்கூடப் பாகத்தை மாற்றிப் பார்ப்பதைத்தான் தேர்ந்தெடுப்பார்.

மாற்றிப் பார்ப்பது தப்பா என்று கேட்கலாம். தப்பில்லை, சோதனையாகச் செய்தால். இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸாகிறது என்று ‘பி 0302’ வருகிறதா, அதன் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டு, மூன்றாவதன் காயிலை இதில் மாட்டு, ஓட்டிப் பார். கோடு 0303 என்று இடம் மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக்கையோ இன்ஜெக்டரையோ பார்க்கவேண்டும். செலவு ஒரு ரூபாய் இல்லை. தேர்ந்த கைகளின் அடையாளம் என்று இதைத்தான் நான் சொல்வேன்: வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி, அதற்கு வண்டியே சொல்லும் ஒரு பதில். புதுக் காயிலை வாங்கி மாட்டி, பிறகு பிளக்கை மாட்டி, பிறகு இன்ஜெக்டரை மாட்டிப் போவதில் கேள்வியே கிடையாது. விளக்கு அணைந்தாலும் எதனால் அணைந்தது என்று எவருக்கும் தெரியாது.

‘அப்படியானால் தெருமுனை மெக்கானிக்கே மேல்’ என்பது இன்னொரு கட்சி. அவரிடம் ஒரு பெரிய வசதி உண்டு: புகாரைக் கேட்பவரும் பானெட்டைத் திறப்பவரும் ஒரே ஆள். உரிமையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிப்பார்க்க அவர் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. ஆனால் இன்றைய காரில் பல வேலைகளுக்குக் கம்பெனியின் மென்பொருள் வேண்டும். அது அவர் கைக்கு எட்டுவதில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்குத் திறந்துவிடவில்லை என்பதற்காகத்தான். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. காது ஓரிடத்திலும் கருவி வேறிடத்திலுமாகப் பிரிந்து கிடப்பது இன்றும் பெரிதாக மாறவில்லை.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. கலிஃபோர்னியாவில் முதல் 18 மாதத்துக்குள் அல்லது 18,000 மைலுக்குள் ஒரே பழுதுக்கு நான்கு முறை பணிமனை ஏறியிருந்தால் வண்டியே குறையுள்ளது என்று அனுமானிக்கச் சட்டம் இடம் தருகிறது. இங்கே அப்படி எண்ணிக்கை வைத்த சட்டம் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில்தான் முறையிடவேண்டும். வாரண்டி பழுதான பாகத்தை மாற்றித் தரத்தான் கடமைப்படுத்துகிறது, காரையே மாற்றித் தர அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006இல் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே ஆணையத்தின் முன் போய் நிற்கும்போது உரிமையாளரிடம் உள்ள பெரிய சான்று அந்த ஜாப் கார்டுகள்தாம். நான்கு கார்டில் நான்கு விதமாக ‘செக்’ என்று இருந்தால் ஒரே பழுது நான்கு முறை வந்தது என்று எப்படிக் காட்டுவது? எப்போது, எந்தச் சூட்டில், எத்தனை கிலோமீட்டரில் என்று தன் சொற்களிலேயே எழுதச்சொல்லி, எழுதியபின் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது வாடிக்கையாளரால் முடிகிற காரியம்.

‘ஆயிரம் வண்டி வருகிற இடத்தில் எல்லோரிடமும் கதை கேட்டுக்கொண்டிருக்க முடியுமா’ என்று அட்வைசர் கேட்டால், அது நியாயமான கேள்விதான். எல்லோரிடமும் வேண்டாம், இரண்டாம் முறை அதே புகாரோடு வருகிறவரிடம் மட்டும் டெக்னீஷியனை அழைத்துவந்து பேசவிட்டால் போதும். முதல் ஸ்டார்ட் புகார் என்றால் வண்டியை முதல்நாள் மாலையே வாங்கி வைக்கவேண்டும். பத்துக் கிலோமீட்டர் ஓடி வந்து சூடேறிய இன்ஜினில் அந்தப் பழுது தலைகாட்டாது. அப்படி இரவு தங்கும் வண்டிகளும் உண்டு. மறுநாள் டெக்னீஷியன் வருவதற்கு முன்பே வாட்டர் வாஷ் பையன் சாவியை வாங்கி, ஸ்டார்ட் செய்து, வண்டியைக் கழுவுமிடத்துக்கு நகர்த்திவிடுகிறான். அந்த இழுப்பைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். அவனை யாரும் கேட்பதில்லை.