மெல்பர்ன் மலைச்சரிவில் கொலம்பைன்

மெல்பர்ன்
அக்டோபர் இறுதி



கொலம்பைன் ஒரு குளிர்நாட்டுப் பூச்செடி. தாவரவியல் நூல்களில் அக்விலீஜியா என்று இருக்கும். ஆஸ்திரேலியத் தோட்டக்காரர்கள் பலர் ‘கிரானீஸ் பானெட்’ என்பார்கள். ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களின் மலைகளிலும் காட்டோரங்களிலும் 60-க்கும் மேற்பட்ட இனங்கள் தாமாக வளர்கின்றன. காஷ்மீர் மலைகளில் பூக்கும் அக்விலீஜியா ஃப்ராக்ரன்ஸ் அவற்றுள் ஒன்று. அதற்கு நல்ல மணமும் உண்டு. ஆஸ்திரேலியா இதன் தாயகம் அல்ல. வெளியிலிருந்து வந்து இங்குள்ள குளிர்ந்த மலைத் தோட்டங்களில் நிலைத்துவிட்ட செடி இது.

மெல்பர்னின் கிழக்கு எல்லையில் டாண்டினாங் மலைத்தொடர் எழுகிறது. அதன் அடிவாரத்தில் உள்ள ‘த பேசின்’ என்னும் ஊரில் ஸ்ரீ வக்ரதுண்ட விநாயகர் கோயில் இருப்பதால் மெல்பர்ன் தமிழர்களுக்கு மலைக்குப் போகும் பாதை பழக்கமானது. கோயிலைத் தாண்டி மவுன்டன் ஹைவேயில் மேலே ஏறினால் சாசஃப்ராஸ் வரும். அங்கிருந்து ஒலிண்டா கொஞ்ச தூரம்தான். மவுன்ட் டாண்டினாங் சிகரத்தின் உயரம் 633 மீட்டர். நகரத்தில் ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை என்றால் மலைமேல் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. வெப்பமும் கீழே இருப்பதைவிடச் சில டிகிரி குறைவு. உயர்ந்த யூகலிப்டஸ் மரங்கள், மரப் பெரணிகள், அடியில் ஆழமான செம்மண். அக்டோபர், நவம்பரில் இங்கே ரோடோடென்ட்ரான் பூக்கும் நாள்களில்தான் கொலம்பைனும் பூக்கிறது. தென் அரைக்கோளத்தில் அதுதான் வசந்தம்.

பூவைக் கையருகே வைத்துப் பார்த்தால்தான் அதன் அமைப்பு விளங்கும். வெளிச்சுற்றில் ஐந்து புல்லி இதழ்கள். அவை பச்சையாக இல்லாமல் பூவின் வண்ணத்திலேயே விரிகின்றன. உள்சுற்றில் ஐந்து அல்லி இதழ்கள். ஒவ்வோர் அல்லி இதழும் பின்பக்கமாக நீண்டு ஒரு குழலாகிறது. குழலின் நுனியில் தேன் இருக்கிறது. ஐரோப்பாவின் பொதுவான இனமான அக்விலீஜியா வல்காரிஸில் பூ தலைகவிழ்ந்து தொங்குவதால் ஐந்து குழல்களும் மேல்நோக்கி நின்று, நுனியில் கொக்கிபோல் வளைந்திருக்கும். அமெரிக்காவின் லாங்கிசிமா இனத்தில் குழல் 10 சென்டிமீட்டரையும் தாண்டும்.

தேன் குடிக்க வரும் உயிருக்கேற்பவே குழலின் நீளம் அமைந்திருக்கிறது. வட அமெரிக்க இனங்களை ஆராய்ந்து ஜஸ்டின் விட்டல், ஸ்காட் ஹாட்ஜஸ் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது: தேனீக்கள் நாடும் பூக்களில் குழல் குட்டை, அந்தரத்தில் நின்று குடிக்கும் ஹம்மிங் பறவைகள் நாடுபவற்றில் நடுத்தரம், நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகள் நாடுபவற்றில் மிக நீளம். ஐரோப்பாவில் இந்தப் பூவுக்கு முக்கியத் துணை பம்பிள் தேனீ. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் பம்பிள் தேனீ கிடையாது. டாஸ்மேனியாவில் மட்டும் 1992 முதல் காணப்படுகிறது. ஆனாலும் மெல்பர்ன் தோட்டங்களில் கொலம்பைன் தாராளமாக விதை பிடிக்கிறது. மகரந்தம் சேர்க்க வரும் சாதாரணத் தேனீக்களே அதற்குப் போதும். பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறவும் வல்லது.

தோட்டங்களில் அதிகம் காணப்படுபவை கலப்பினங்கள். பெரிய பூவும் நீண்ட குழலும் இரட்டை வண்ணமும் வேண்டுவோர் மெக்கானா ரகத்தை வளர்க்கிறார்கள். ‘நோரா பார்லோ’ வேறு மாதிரி: குழலே இல்லாமல், இளஞ்சிவப்பும் வெள்ளையும் வெளிர்பச்சையும் கலந்த இதழ்கள் அடுக்கடுக்காக இருக்கும். சார்லஸ் டார்வினின் பேத்தியின் பெயர் அது.

வளர்ப்பில் முதலில் தீர்மானிக்க வேண்டியது இடம். இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து செல்கிறது. அதனால் வீட்டின் வடபுறம் வெயில், தென்புறம் நிழல். தமிழ்நாட்டுப் பழக்கத்தில் திசையைக் கணக்கிட்டால் செடி வாடிவிடும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள கிழக்கு ஓரமே கொலம்பைனுக்குச் சிறந்தது. மேப்பிள் போன்ற இலையுதிர் மரத்தடி அதைவிட நல்லது: குளிர்காலத்தில் மரம் மொட்டையாக நின்று வெயிலை விடும், கோடையில் தழைத்து மறைக்கும். மேற்குப் பக்கத்தை அறவே தவிர்க்க வேண்டும். 2009 பிப்ரவரி 7 அன்று மெல்பர்னில் வெப்பம் 46.4 டிகிரியைத் தொட்டது. அப்படிப்பட்ட ஒரு பிற்பகல் வந்தால், காங்கிரீட் சுவரோரம் நிற்கும் செடி அன்றே கருகும்.

அடுத்தது மண். ஈரம் தங்க வேண்டும். நீர் தேங்கக் கூடாது. மலைமேல் அந்த மண் இயல்பாகவே கிடைக்கிறது. தமிழர்கள் அதிகமாகக் குடியேறிவரும் மேற்குப் புறநகர்களில் எரிமலைப் பாறையிலிருந்து உண்டான கெட்டிக் களிமண். அங்கே ஜிப்சம் தூவி, நிறைய மக்கு உரம் கலந்து, பாத்தியை ஒரு சாண் உயர்த்திவிட்டு நடுவது வழக்கம். பை மண் வாங்கினால் அதில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கையைப் பின்பற்ற வேண்டும்: காற்றோட்டமான இடத்தில் பிரிப்பது, கையுறையும் முகக்கவசமும் அணிவது, பிறகு கை கழுவுவது. இத்தகைய மண்ணில் இருக்கக்கூடிய லீஜியனெல்லா பாக்டீரியா தூசியோடு மூச்சில் போனால் கடுமையான நிமோனியா வரலாம்.

விதைக்க ஏற்ற காலம் மார்ச் முதல் மே வரையான இலையுதிர் காலம். விதை கறுப்பாக, பளபளப்பாக, சிறிதாக இருக்கும். புதிய விதை நன்றாக முளைக்கும். பழைய விதையை ஈரமணலோடு கலந்து மூன்று, நான்கு வாரம் குளிர்பெட்டியில் வைத்தெடுத்தால்தான் உறக்கம் கலையும். முளைக்க வெளிச்சம் தேவை. ஆகவே மண்மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும், மூடக் கூடாது. தெளிப்பானால் ஈரம் காத்துவந்தால் மூன்று, நான்கு வாரத்தில் முளை தெரியும். சில விதைகளுக்கு இன்னும் நாளாகும். கொத்துமல்லித் தழை போன்ற இலைகள் நாலைந்து வந்ததும் நாற்றை மாற்றி நடலாம். செடி ஆழமாக வேர்விடுவதால் இளம் நாற்றாக இருக்கும்போதே இடம் மாற்ற வேண்டும். வளர்ந்த செடியைப் பெயர்த்தால் பெரும்பாலும் பிழைக்காது. இடைவெளி 30 முதல் 45 சென்டிமீட்டர். முதல் வசந்தத்தில் பெரும்பாலும் இலை மட்டுமே வரும். ஒரு குளிர்காலத்தை முழுதாகக் கடந்த பிறகுதான் செடி நிறையப் பூக்கும்.

நடவுக்குப் பின் பராமரிப்பு எளிது. வசந்தத் தொடக்கத்தில் ஒரு கை மக்கு உரம். அதற்கு மேல் உரமிட்டால் இலை பெருத்துப் பூ குறையும். செப்டம்பரில் பட்டாணி வைக்கோலையோ கரும்புத் தோகையையோ மூடாக்காகப் பரப்ப வேண்டும். அது தண்டை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி இருப்பது நல்லது. ஒட்டினால் குருத்து அழுகும். கோடையில் வாரம் ஒன்றிரண்டு முறை ஆழமாக நீர் விடலாம். விக்டோரியாவின் நிரந்தர நீர்ப் பயன்பாட்டு விதிப்படி, ஸ்பிரிங்க்ளர் போன்ற அமைப்புகள் மாலை 6 மணி முதல் காலை 10 மணி வரையே இயங்கலாம். விசை பொருத்திய குழாயைக் கையில் பிடித்து எந்த நேரமும் நீர் விடலாம்.

பூ முடிந்த பிறகுதான் தோட்டக்காரரின் முடிவு தேவைப்படுகிறது. ஒரு செடியின் ஆயுள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டு. பாத்தி நீடிப்பது தானே விழுந்து முளைக்கும் விதையால்தான். டிசம்பரில் விதைப்பைகள் பழுப்பாகி, வாய் திறந்து மேல்நோக்கி நிற்கும். தண்டைத் தட்டினால் உள்ளே விதை சலசலக்கும். காகிதப் பையில் தலைகீழாகக் கவிழ்த்து உதறினால் விதை முழுவதும் வந்துவிடும். ரகங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலப்பதால், பிள்ளைச் செடி தாய்ச் செடியின் வண்ணத்தில் பூக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ரகத்தின் தூய்மை வேண்டுவோர் ஒரே ரகத்தை வளர்க்க வேண்டும். மற்றவர்கள் வருவதை வரவிட்டு, பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். காட்டை ஒட்டிய வீடுகளில் மட்டும் விதைப்பைகளைப் பழுக்குமுன் வெட்டிவிடுவது கடமை. தோட்டச் செடிகள் மலைக்காட்டுக்குள் பரவிச் சொந்தத் தாவரங்களை நெருக்குவது இங்கே பெரிய கவலை. வெட்டிய கழிவையும் ஓடையோரம் கொட்டக் கூடாது.

நோய் அதிகம் தாக்குவதில்லை. இளங்குருத்தில் அசுவினி மொய்த்தால் நீரைப் பீய்ச்சிக் கழுவலாம். நத்தை நாற்றைத் தின்னும்; இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதே நம்பகமான வழி. கோடை முடிவில் இலையில் சாம்பல் நோய் படிந்தால் பழைய இலைகளை அடியோடு வெட்டிவிட்டால் புதுத் தழை வரும். விதையும் வேரும் நஞ்சு. குழந்தைகள் விளையாடும் இடத்தில் இதை மறக்கக் கூடாது.

சிட்னியில் கணக்கு மாறுகிறது. ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்தாலும், கடலோரத்தில் குளிர் போதாது. கோடைப் புழுக்கமும் அதிகம். தமிழர்கள் மிகுதியாக வாழும் வென்ட்வொர்த்வில், டூங்காபி போன்ற மேற்குப் பகுதிகளில் கோடை இன்னும் கொடியது. மேற்கே பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி பதிவானது. அங்கெல்லாம் இலையுதிர் காலத்தில் நாற்று வாங்கித் தொட்டியில் நட்டு, ஒரு பருவப் பூவாகக் கருதுவதே நியாயம். அதே ரயில் பாதையில் புளூ மவுன்டன்ஸ் ஏறி, சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் லூரா, கட்டூம்பா, பிளாக்ஹீத் ஊர்களை அடைந்தால், கொலம்பைனுக்கு வேண்டிய குளிர் குறைவில்லாமல் கிடைக்கிறது.

நம் ஊரில் வளர்க்க விரும்புவோருக்கு 2,240 மீட்டர் உயர ஊட்டியும், கொடைக்கானலும், இலங்கையின் நுவரெலியாவும் பொருத்தமானவை. சமவெளியில் முயல்வது வீண். மலையூர்களிலும் விதையைக் குளிர்பெட்டியில் வைத்தெடுத்து விதைப்பதும், கனமழையில் நீர் வடியும் மேட்டுப்பாத்தி அமைப்பதும் அவசியம். விதையை உள்ளூரிலேயே வாங்க வேண்டும். செடியோடு நோயும் நாடு கடக்கும்: பிரிட்டனில் 2013-இல் தோன்றிய அடிச்சாம்பல் நோய் அங்குள்ள கொலம்பைன் தொகுப்புகளைக் கடுமையாக அழித்தது. ஆஸ்திரேலியாவுக்குள் விதை கொண்டுவருவோர் பயணி அட்டையில் அதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். இந்தியாவிலும் தாவரத் தடுப்புக்காப்பு விதிகள் உண்டு.