மூன்று நாடா, ஒரு சேலை

மனிதரை ஒரே சொல்லில் அடக்கிவிட நாம் விரும்புகிறோம். ஆசிரியர், மருத்துவர், நெசவாளர் என்று ஒருவருக்கு ஒரு பெயர் சூட்டிவிட்டால் மனம் அமைதி கொள்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் அடங்காதவரைக் கண்டாலோ, "எதிலும் நிலைக்காதவர்" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். புனைகதை, ஓவியம், இயற்கை குறித்த இதழியல் என மூன்று துறைகளிலும் உழைத்த மா. கிருஷ்ணனின் வாழ்வைச் சிந்திக்கும்போது, அந்தத் தீர்ப்பு எத்துணை அவசரமானது என்பது விளங்குகிறது.

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். அவருடைய தந்தை அ. மாதவையா, 'பத்மாவதி சரித்திரம்' என்னும் நாவலால் தமிழ் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றவர். கிறிஸ்தவ வாசகர்களாகிய நமக்கு அவரை அறிமுகப்படுத்தும் இன்னொரு நூலும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் திருமுழுக்குப் பெற்றுப் பாளையங்கோட்டையில் ஆலயம் எழுப்பிய பெண்மணியின் வாழ்வை அடிப்படையாகக் கொண்டு, 1915இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'கிளாரிந்தா' அது. பட்டப்படிப்பில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 1925இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் பேசி முடித்தவுடன், அங்கேயே மாதவையா உயிர் துறந்தார். கடைசிப் பிள்ளையான கிருஷ்ணனுக்கு அப்போது 13 வயது.

மாநிலக் கல்லூரியில் படித்த காலத்தில் கிருஷ்ணன் தேர்வுகளில் சிறந்து விளங்கியவர் அல்லர். ஆனால் தாவரவியல் பேராசிரியர் பைசனுடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்று செடிகொடிகளை நேரில் கண்டு பயின்றார். பேராசிரியரின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். படிப்பு முடிந்தபின் தகுந்த வேலை அமைவது எளிதாக இருக்கவில்லை. 1942இல் பெல்லாரிக்கு அருகிலிருந்த சந்தூர் சமஸ்தானத்தில் பணி கிடைத்தது. அங்கே பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார், புறா வளர்த்தார், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் காட்டில் திரிந்தார். 1949இல் அந்தச் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்ததும் சென்னைக்குத் திரும்பினார். குடும்பஸ்தராகிவிட்ட அவர், அதன்பின் மாதச் சம்பளம் தரும் அலுவலைத் தேடாமல் தம் எழுத்தையும் ஓவியத்தையும் நிழற்படக் கருவியையும் நம்பி வாழத் துணிந்தார்.

கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் இயற்கை பற்றிய பத்தி ஒன்றைத் தொடங்கினார். தமிழ் இதழ்களுக்குக் கட்டுரைகள் எழுதினார், பெ. தூரன் பதிப்பித்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கும் பங்களித்தார். தம் கட்டுரைகளுக்குத் தாமே கோட்டோவியம் தீட்டினார். தாமே பாகங்களைச் சேர்த்து அமைத்த கருவியைக் கொண்டு காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்தார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவல் எழுதினார். தம் பேத்தியை மகிழ்விக்க, எழுத்து வரிசையில் விலங்குகளைப் பற்றிய வேடிக்கைப் பாடல்களைப் படங்களுடன் ஆங்கிலத்தில் ஆக்கினார். அது நூலாக அச்சேறியது அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின்னரே.

இவற்றையெல்லாம் பிணைத்தது எது? இதற்கு விடை காண நாம் காஞ்சிபுரத்துத் தறிக்கு அருகே சற்று நிற்கலாம். உடல் ஒரு நிறமாகவும் இரு கரைகளும் வேறு நிறமாகவும் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் தேவை. ஒன்று உடலுக்கு; மற்ற இரண்டும் கரைகளுக்கு. நெசவாளருக்குத் துணையாக இன்னொருவரும் அமர்ந்து நாடா தள்ளுவார். ஒவ்வோர் ஊடையிலும் கரை நூல் உடல் நூலைப் பற்றிக்கொண்டே திரும்புகிறது. கரை தனியே பிய்ந்து வராத உறுதி அந்தப் பின்னலில் இருக்கிறது. கிருஷ்ணனின் கதையும் ஓவியமும் கட்டுரையும் இவ்வாறே ஒன்றையொன்று பற்றி நின்றன. பறவையின் அலகை வரைந்து பழகிய கண், அதை விவரிக்கும் வாக்கியத்தில் பொய் நுழைய விடாது. துப்பறியும் கதைக்கு வேண்டிய சிறு தடயங்களைக் கவனிக்கும் பழக்கம், காட்டில் விலங்கின் கால்தடத்தைப் படிக்கவும் உதவும். தாமே நேரில் கண்டதை எழுதுவது என்பதே அவர் தறியின் பாவு.

நிலைக்காதவர் என்று அவரைச் சொல்ல இயலாது. ஸ்டேட்ஸ்மன் இதழில் தொடங்கிய பத்தியை, 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் மறையும்வரை, 46 ஆண்டுகள் தொடர்ந்து எழுதினார்.

இந்த மண்ணின் மரங்களையே சாலையோரங்களில் நடவேண்டும், அழகுக்காக அயல்நாட்டு மரங்களைக் கொணர வேண்டாம் என்று, கேட்பார் குறைவாயிருந்த காலத்திலேயே அவர் வாதிட்டார். 2019 வரை நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து, இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்துள்ள வேடந்தாங்கலைப் பற்றியும் எழுதினார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அறிந்த ஊர் மக்கள், சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பறவைகளைக் காத்து வந்தார்கள். 2020இல் அந்தச் சரணாலயத்தின் எல்லையைச் சுருக்கும் யோசனை எழுந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 2022இல் அது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஊரார் கண்ணால் காக்கும் ஒன்றை வெளியுலகும் மதிக்க வேண்டுமானால், அதைக் கண்டு சொல்லும் எழுத்து வேண்டும்.

இவ்வாழ்வுக்கு உரிய விலையையும் மறைக்கலாகாது. அவருக்கு நிலையான வருவாய் இல்லை. அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி தொலைவிலுள்ள ஆங்கில நாளிதழில் வெளிவந்ததால், தமிழ் வாசகர் பலர் அவரை அறியவில்லை. அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக்கியதும் அவர் மறைவுக்குப் பின்னரே.

"பையன் படம் வரைகிறான், கதை எழுதுகிறான், ஏரி, குளம் என்று சுற்றுகிறான், இவன் எதில்தான் தேறுவான், சாமி?" என்று நம்மிடம் கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்களுடைய அச்சம் நியாயமானது. தறியில் வாழ்ந்தவர்களுக்கு நாளைய சோற்றின் அருமை தெரியும். அவர்களிடம் நாம் சொல்வது இவ்வளவே: அவன் எத்தனை துறைகளில் கை வைக்கிறான் என்று எண்ண வேண்டாம். பார்த்ததைத்தான் எழுதுகிறானா, தொடங்கியதை முடிக்கிறானா என்று கவனியுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால், பிழைப்புக்கு ஒரு வழியைக் கற்றுக்கொடுத்துவிட்டு அவனைச் சற்று விட்டுவிடுங்கள். நம் நகரை ஒட்டி ஓடும் வேகவதி ஆறு இன்று ஆக்கிரமிப்பாலும் கழிவுநீராலும் நலிந்து கிடக்கிறது. அதன் கரையில் பொறுமையோடு அமர்ந்து, கண்டதை வரைந்தும் எழுதியும் வைக்க இவ்வூருக்கு ஒருவர் தேவைப்படுகிறார்.