31 சென்டிமீட்டர்

மரம் கணக்கெடுக்கிற நாங்கள் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய நெஞ்சுக்கு நேராக, நாடாவைச் சுற்றுவோம். விட்டம் 10 சென்டிமீட்டர், அதாவது சுற்றளவு சுமார் 31 சென்டிமீட்டர் இருந்தால்தான் பல கணக்கெடுப்புகளில் அது மரமாகச் சேரும். உயர்ந்த மழைக்காடுகளில் இந்த வரம்பு செல்லும். சோழமண்டலக் கரையின் கோயில் காட்டில் செல்லாது. தெரிந்தும் என் கணக்கெடுப்பில் அதையே வைத்துக்கொண்டேன்.

மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஐயனாரைச் சுற்றி மிஞ்சியிருப்பது உலர் பசுமைமாறாக் காடு. மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். அதன்பின் வரும் நீண்ட வறட்சியிலும் இலையைக் கொட்டாமல் நிற்கும் காசான், வீரை, குருந்து, கருங்காலி எல்லாம் மெள்ள வளர்பவை. என் மணிக்கட்டுப் பருமனில் இருக்கும் ஒரு காசானுக்கு என்னைவிட வயது கூடுதலாக இருக்கலாம். இடையில் மோதிரக்கண்ணியும் ஆதொண்டையும் பின்னிக் கிடக்கும். களாமுள் சட்டையைப் பிடித்து இழுக்கும். அடியில் முளைத்திருக்கும் கன்றுகளை எண்ணுவதென்றால் குந்தி உட்கார்ந்து, இரண்டு மூன்று இலைகளை மட்டும் வைத்து இனம் கண்டுபிடிக்க வேண்டும். உடம்பு வலிக்கும் வேலை. பெயர் தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும் என்ற கூச்சமும் இருந்தது. 31 சென்டிமீட்டர் வரம்பு என்னை அதிலிருந்து தப்பவைத்தது.

கோயில் காடு, வயல் வரப்பு, ஏரிக்கரை ஒரு பக்கம். சென்னையின் தெருக்கள், பூங்காக்கள், கல்வி வளாகங்கள் மறுபக்கம். இதுதான் என் ஒப்பீடு. நகரத்தில்தான் அதிக மர இனங்கள் என்று கணக்கு சொன்னது. யாரும் எதிர்பாராத முடிவு கிடைத்த மகிழ்ச்சியில் அதைப் பத்திரிகையில் எழுதினேன், கூட்டங்களில் பேசினேன்.

அந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்பதைச் சொல்லவில்லை. மடகாஸ்கரிலிருந்து வந்த மயில்கொன்றை, அமெரிக்க வெப்பமண்டலத்துத் தூங்குமூஞ்சி, நாகலிங்கம் என்று நட்டு வளர்த்தவை பாதி. கிண்டிக் காட்டை ஒட்டிய வளாகங்களில் நிற்கும் பழைய மரங்களையும் நகரத்தின் பேரில் எழுதிக்கொண்டேன். 1978இல் தேசியப் பூங்காவான, 2.7 சதுர கிலோமீட்டர் அளவுள்ள அந்தக் கிண்டிக் காடும் இதே கரையோரக் காட்டின் மிச்சம்தான். அப்படியென்றால் காட்டின் சொத்தை எடுத்து நகரத்தின் கணக்கில் வரவு வைத்திருக்கிறேன். என் குறிப்பேட்டில் இது இருந்தது, கட்டுரையில் இல்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். தெரு மரங்களின் அடியில் ஒரு கன்றுகூட இல்லை. சிமெண்டும் தாருமாக இருக்கும் இடத்தில் விதை விழுந்து என்ன பயன்? 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சாய்த்த மரங்களின் இடத்தில் தானாக முளைத்து எழ எதுவும் காத்திருக்கவில்லை. நாற்றங்காலிலிருந்து கொண்டுவந்தால்தான் உண்டு. கோயில் காட்டில் அப்படியில்லை. சின்னானும் மரநாயும் தின்று போட்ட விதையிலிருந்து அடுத்த தலைமுறை நிழலில் நின்றுகொண்டிருக்கும். கிராமத்து மரக்கூட்டத்துக்கும் நகரத்து மரக்கூட்டத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். என் அட்டவணையில் இதற்கு ஒரு பத்திகூட ஒதுக்கவில்லை.

நான் கணக்கெடுத்த ஊர் ஒன்றின் திருவிழாக் கமிட்டியார் என்னைத் தேடி வந்தார்கள். பொங்கல் வைக்க இடம் போதவில்லை, கோயில் காட்டுப் புதரை வெட்டித் தரை போடலாமா என்று கேட்டார்கள். "பெரிய மரத்துல கை வைக்காம செய்ங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். அப்போது என் நினைவில் இருந்தது அந்த அட்டவணை மட்டுமே. இல்லை, இதுவும் முழு உண்மையில்லை. கன்றுகள் நினைவுக்கு வந்தன. அவற்றைப் பற்றிப் பேசினால் என் கட்டுரையை நானே மறுக்க வேண்டியிருக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

பொக்லைன் வந்தது. கொடிகள் போயின, விரல் கனத்துக் கருங்காலிகளும் கை கனத்துக் காசான்களும் போயின. பெரிய மரங்கள் அப்படியே நிற்கின்றன. இன்று போய் என் பழைய முறையில் அளந்தால் அந்தக் காட்டுக்கு எதுவுமே நடக்கவில்லை என்றுதான் முடிவு வரும்.

கமிட்டியில் மூத்தவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நான் சொன்னது தப்பு, தெரிந்தே சொன்னேன் என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்தார். "நீங்க படிச்சவங்க தம்பி. நீங்க சொல்லித்தானே செஞ்சோம்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. என்னிடம் பதிலும் இல்லை.

வடக்கு மூலையில் தரை போடாத ஒரு துண்டு இடம் இருக்கிறது. அங்கே மண்வெட்டி படாமல் விட்டுவைக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதே பத்திரிகைக்கும் மறுப்பு எழுதி அனுப்பியிருக்கிறேன். கமிட்டி ஆடி கழித்துக் கூடுகிறது.